சென்றியில் வெடித்த மாம்பழச் சாறு

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. நானும் ஒரு தகரப் பெட்டியோடும் விஞ்ஞான ஆசிரியர் என்ற பெருமையோடும் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மனைவியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வீடும் வளவும் அவளுடையவை. வளவு நிறைய நின்ற மாமரங்களும் அவளுடையவை. எனக்கென்று இருந்தது பெட்டியும் பெருமையும். அதில் பெட்டி மட்டும்தான் மற்றவர் கண்ணுக்குத் தெரிந்தது.

மாமி என்னோடு நேரே பேசமாட்டார். அது கோபமில்லை, மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதை. எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் முற்றத்துக் கோழியிடம் சொல்வார். "சோறு ஆறிப்போகுது, சாப்பிடுறவங்க வந்தா நல்லம்" என்று கோழிக்குச் சொன்னால் நான் போய்க் கை கழுவ வேண்டும்.

அந்த மரங்களை வைத்தவர் மாமனார். சண்டைக் காலத்தில் ஒரு நாள் காலையில் வாவியைக் கடந்து அக்கரைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. விசாரிக்காத இடமில்லை, வைக்காத நேர்த்தியில்லை. மரங்களோ ஒன்றும் நடக்காததுபோல வைகாசிக்கு வைகாசி காய்த்துத் தள்ளின. பழத்தை விற்பதென்றால் குருக்கள்மடம் பக்கத்துக் கரைக்குப் போக வேண்டும். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையைப் 'பாதை' என்போம். வெடிச்சத்தம் கேட்டால் அந்தப் பாதை ஓடாது. ஓடினாலும் அக்கரைச் சென்றியில், ஆமியின் காவலரணில், கூடையைக் கொட்டிக் கிளறிப் பார்த்து முடிக்கும்போது பழம் கூழாகியிருக்கும்.

அந்த வருடமும் பழங்கள் மரத்தடியில் விழுந்து அழுகின. மாமி மகளிடம் சொன்னார்: "அவர் வெச்ச மரம். பழம் இப்பிடிக் கிடந்து நாறுறதப் பாக்க எனக்கு ஏலாது புள்ள. அம்மன் சடங்கு முடியட்டும், வெட்டிப் போடுவம். அக்கரைச் செங்கல் சூளைக்காரன் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கான்."

மனைவி கிணற்றடியில் நின்று அழுதாள். பிறகு என்னிடம் வந்தாள். "அப்பாட மரம். நீங்க ஏதாவது செய்யுங்க" என்றாள். அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்த நெஞ்சோடு எதையும் தொடங்கக்கூடாது என்று அப்போது தெரியாது.

விவசாயக் கந்தோரில் அதிகாரி தந்த துண்டுப்பிரசுரம் ஒன்று என்னிடம் இருந்தது. பழத்தைப் பழமாக விற்காமல் சாறாக்கிப் போத்தலில் அடைத்து விற்றால் கூடிய இலாபம் என்று அதில் எழுதியிருந்தது. சாற்றுக்குச் சரிபாதி சீனி போடு என்றும் எழுதியிருந்தது. சீனிக்கு எங்கே போவது? சென்றியில் அளவாகத்தான் விடுவார்கள். எங்கள் மாம்பழமே சீனிதானே என்று நான் சீனியைக் கால்வாசியாக்கினேன். வெறும் சாராயப் போத்தல்களைக் கழுவி, சாற்றை ஊற்றி, வலை மிதப்புக் கட்டையைச் செதுக்கித் தக்கை செய்து, மெழுகு உருக்கி அடைத்தேன். சீனி குறைந்த பழச்சாறு அடைத்த போத்தலுக்குள் என்ன செய்யும் என்பதை அதே மாதம்தான் பத்தாம் வகுப்புக்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

நாலைந்து நாள் கழித்துப் போத்தல்களைச் சாக்கில் கட்டி, பாதையேறி, அக்கரைச் சென்றி வரிசையில் நின்றேன். நல்ல வெயில். நான் இலாபத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது சாக்குக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம்.

அந்த நாட்களில் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரிசை முழுவதும் நிலத்தில் விழுந்தது. சென்றிக்குள் நின்ற ஆமிக்காரனும் மணல் மூட்டைக்குப் பின்னால் விழுந்தான். நான் என் சாக்கின் மேலேயே விழுந்தேன். எனக்கடியில் தக்கைகள் ஒவ்வொன்றாக வெடித்தன. செத்தேன் என்றுதான் நினைத்தேன். நெஞ்செல்லாம் நனைந்தது, இரத்தம் என்று தொட்டுப் பார்த்தேன். மாம்பழ வாசம் அடித்தது.

ஆமிக்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு வந்தான். போத்தல்களை வரிசையாக வைக்கச் சொல்லிவிட்டு, "குடி" என்றான். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டுமாம். குடித்தேன். பாதிப் போத்தல்களைத் தாண்டும்போது பயம் போய்விட்டது. முடியும்போது நான் அவனுக்கு நொதித்தல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேனாம். விழுந்து கிடந்த சனம் எழும்பிச் சிரித்ததாம்.

அது கண்ணகி அம்மன் சடங்குக் காலம். ஊரில் ஒரு வீட்டிலும் மீன்சட்டி அடுப்பேறாது, சாராயத்தின் பெயரையே யாரும் எடுக்கமாட்டார்கள். நான் மிச்சப் போத்தல்களோடு தள்ளாடிக்கொண்டு படலையைத் திறந்தேன். மாமி என்னைப் பார்த்தார். பிறகு கோழியைப் பார்த்தார். "அம்மாளுக்குச் சடங்கு நடக்கிற நாளில குடிச்சிப்போட்டு வாறாங்க. நீயாவது ஒழுங்கா இரு" என்றார். மனைவி மாற்றுச் சட்டை ஒன்றை எடுத்துத் தந்துவிட்டு உள்ளே போனாள். அதுதான் என்னைக் கொன்றது. மரம் போகப்போகிறது, போகிற நேரத்தில் மானத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேனே என்று வெட்கத்தில் போத்தல்களைக் கிணற்றுக்குப் பின்னால் திறந்தபடி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போவதையே நிறுத்தினேன்.

சடங்கு முடிந்தது. சூளைக்காரன் வர இருந்த கிழமையில் சண்டை தொடங்கிப் பாதை ஓடவில்லை. எங்கள் பழத்தை அழுக வைத்த அதே சண்டை அந்த முறை மரத்தைக் காப்பாற்றியது. பாதை திரும்ப ஓடுவதற்கிடையில் கிணற்றடியிலிருந்து மனைவி கூப்பிட்டாள். போத்தல் வாயில் விரலை வைத்து நக்கி முகத்தைச் சுளித்தாள். "இஞ்ச பாருங்க, இது நல்ல வினாகிரியெல்லோ!"

திறந்து வைத்த சாறு புளித்துக் காடியாகும், அதுதான் வினாகிரி. அதுவும் நான் படிப்பித்ததுதான், அடுத்த பாடம்.

பிந்திக் காய்த்த பச்சை மாங்காயை வெட்டி, கடுகும் மிளகாயும் அரைத்து, அந்த வினாகிரியில் அச்சாறு போட்டோம். அது அழுகாது, கூழாகாது, எத்தனை நாள் பாதை நின்றாலும் பொறுத்திருக்கும். துறையில் நல்லாய் விற்றது. சனம் அதற்கு 'வெடி அச்சாறு' என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரைச் சென்றிக்குப் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. கண்ணால்தான் கேட்பார்கள். அச்சாறு சிங்களத்திலும் அச்சாறுதான் என்பதால் அந்த ஆமிக்காரனும் வாங்குவான். என்னைக் கண்டதும் காதைப் பொத்துவான். காசு தந்ததுமுண்டு, தராமல் விட்டதுமுண்டு.

கடைசியில் சூளைக்காரன் கோடரியோடு வந்தான். மாமி மரத்தடியிலேயே நின்று, "மரம் குடுக்கிறதில்ல" என்றார்.

அடுத்த வைகாசியில் ஒரு காலை, மாமி மரத்தடியைக் கூட்டி, அடிபட்டு விழுந்த பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கூடையில் போட்டார். கூடையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

"மருமகன், இதையும் கெடுத்துத் தாங்க" என்றார்.

நான் சுற்றுமுற்றும் கோழியைத் தேடினேன். அது அந்தப் பக்கமே இல்லை.