மாப்பிள்ளை அழைப்பும் ஒரு தெர்மோஸ்டாட்டும்

போன வாரம் எங்கள் வீட்டுப் பால் பாத்திரத்தில் ஒரு தெர்மோஸ்டாட்டை வேகவைத்தேன்.

கிண்டல் இல்லை... நிஜமாகத்தான். அடுப்பில் தண்ணீர். தண்ணீருக்குள் நூல் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட். பக்கத்தில் ஃபாக்டரி லேபில் இரவல் வாங்கி வந்த தெர்மாமீட்டர். அதற்கும் பக்கத்தில், இடுப்பில் கை வைத்தபடி என் மனைவி சுமதி.

"இனிமே இதுல நான் பால் காய்ச்ச மாட்டேன், சொல்ட்டேன்" என்றாள்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். சுமதியின் தங்கை கவிதாவுக்குக் கல்யாணம். மாமனார் இல்லை, அதனால் பந்தக்கால் முதல் பந்தி வரைக்கும் எல்லாம் எங்கள் தலையில். மாப்பிள்ளை முரளிக்கு அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் வேலை. தங்கமான பையன் என்றார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எந்த மாப்பிள்ளைதான் தங்கமான பையன் இல்லை?

பிரச்னை மாப்பிள்ளை அல்ல, மாப்பிள்ளையின் அத்தை. நிச்சயதார்த்தத்தில் காபி ஆறிப்போயிருந்ததை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். லட்டு சின்னது. ஜமுக்காளம் பழசு. இப்படிப்பட்டவரிடம் போய், "மாப்பிள்ளை அழைப்புக்கு எங்க காரே வந்துடும்" என்று சுமதி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

எங்கள் கார் அந்த வார்த்தையைக் கேட்டிருக்க வேண்டும். மறுநாளே, பத்திரிகை வைக்கப் போன வழியில், டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. பானெட்டைத் திறந்தால் ஆவி.

அன்று சுமதி ரோட்டோரத்தில் நின்றுகொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஊர்வலத்துல வண்டி நின்னா அவ்ளோதாங்க. சகுனம் சரியில்லைம்பாங்க. கவிதாவ ஆயுசுக்கும் குத்திக் காட்டுவாங்க." கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

மணவாள நகரில் எங்களுக்கு வழக்கமான மெக்கானிக் பாஷா பாய். வண்டியைத் தொட்டுப் பார்த்தார். இன்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டருக்குப் போகும் ஓஸ் மட்டும் ஜில்லென்று இருக்கிறது.

"தெர்மோஸ்டாட்டு ஒட்டிக்கினு கீது சார். கழட்டிக் கடாசிடலாம். நம்மூரு வெயிலுக்கு அது இன்னாத்துக்கு?"

இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மூடி வைப்பதும், சூடானதும் திறந்து விடுவதும்தான் அதன் வேலை. நம் ஊரில் பாதிக் கார்களில் அது இருக்காது. ரிப்பேர் என்றால் புதுசு போடுவதில்லை, பிடுங்கி எறிந்துவிடுவோம். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஃபாக்டரியில் குவாலிட்டி கன்ட்ரோல் பார்க்கிறவன். மனசு ஒப்புமா?

"வேணாம் பாய். டெஸ்ட் பண்ணி, புதுசு போடலாம்" என்றேன்.

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உன் இஷ்டம் சார்."

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எப்படி டெஸ்ட் பண்ணுவது என்று படித்து, பிரிண்ட் எடுத்து வந்தேன். அப்படித்தான் பால் பாத்திரம் அடுப்பேறியது. பழைய தெர்மோஸ்டாட் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் இறுக மூடியே கிடந்தது. புதிதாக வாங்கியதைப் போட்டேன். எண்பது டிகிரியைத் தாண்டியதும் மெதுவாக வாயைத் திறந்தது பாருங்கள்... எனக்கு ஒரே பரவசம். சுமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வெந்துடுச்சின்னா எறக்குங்க. குழம்பு வெக்கணும்" என்றாள்.

பாய் புதுசை மாட்டித் தந்தார். கும்மிடிப்பூண்டிக்குப் போய் வந்தேன். முள் நடுவிலேயே நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் கார் ஜோராக நின்றது. சுமதியின் ஏற்பாடு. மேலெல்லாம் பூச்சரம், சீரியல் லைட். எல்லார் கண்ணிலும் படட்டும் என்று மாப்பிள்ளை முன் சீட்டில், கோட்டு சூட்டோடு. பின் சீட்டில் அத்தை. ஸ்டியரிங் என் கையில். முன்னால் பேண்டு செட்.

ஊர்வலம் என்றால் உங்களுக்கே தெரியும். ஆள் நடப்பதைவிட மெதுவாகக் கார் போகும். முனைக்கு முனை நிற்கும். பையன்கள் ஆடுவார்கள், பட்டாசு வெடிப்பார்கள், மறுபடி நகரும்.

இரண்டாவது முனையிலேயே முள் ஏற ஆரம்பித்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெர்மோஸ்டாட் புதுசு, என் கண்ணாலேயே பார்த்து டெஸ்ட் செய்தது. அப்புறம் என்ன? தலையை வெளியே நீட்டிக் காரின் முன்பக்கத்தைப் பார்த்தேன்.

பெரிய தெர்மாகோல் இதயம். அதில் 'முரளி - கவிதா'. சுற்றிலும் கெட்டியாக சாமந்தி. ரேடியேட்டருக்குக் காற்று போகும் கிரில்லை ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல் அடைத்து, ஒயர் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நானும் அதைப் பார்த்து, "சூப்பரா இருக்கு" என்று சொன்னவன்தான்.

பிய்த்து எறியலாமா? நடுத்தெருவில், அத்தை பார்க்க, மாப்பிள்ளை பொண்ணு பேரையா? இன்ஜினை அணைக்கலாமா? நின்ற வண்டி மறுபடி கிளம்பாவிட்டால்? சுமதி சொன்னதெல்லாம் காதுக்குள் ஓடியது.

ஒரே வழிதான் மிச்சம். ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் வந்துவிடும். இன்ஜின் பிழைக்கும். ஆனால் சித்திரை மாசத்தில், கோட்டுப் போட்ட மாப்பிள்ளை மேல் ஹீட்டரா?

"மாப்ள..." என்று மெதுவாக ஆரம்பித்தேன். "வண்டி சூடாவுது. ஹீட்டர் போட்டாத்தான்..."

முரளி முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தானே கையை நீட்டி, ஹீட்டரைத் திருகி ஃபுல்லில் வைத்தார்.

அடுத்த நிமிஷமே அனல் வீசியது. பின்னாலிருந்து குரல்.

"இன்னா நைனா, உள்ள இப்டி கொதிக்குது?"

"பட்டாசு சூடு அத்தை" என்றார் முரளி.

"ஏசிய போடச் சொல்லேன்."

"வேணாம் அத்தை. எனக்கு சளி புடிச்சிக்கினு கீது. ஏசி ஆவாது."

சொல்லிவிட்டு லேசாக ஒரு இருமல் வேறு. முகத்திலிருந்து வியர்வை சொட்டுகிறது, கோட்டு நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனுஷன் ஜன்னல் வழியாக எல்லோருக்கும் சிரித்தபடி கும்பிடு போட்டுக்கொண்டே வருகிறார். முள் மெல்ல இறங்கி, சிவப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

கார் மண்டப வாசல் வரை வந்து சேர்ந்துவிட்டது. நடுவில் எங்கேயும் மக்கர் பண்ணவில்லை.

ஆரத்தித் தட்டோடு நின்ற சுமதி, குளித்துவிட்டு வந்தவர் மாதிரி இறங்கிய மாப்பிள்ளையைப் பார்த்துத் திகைத்துப்போனாள். அத்தை விசிறிக்கொண்டே சொன்னார்: "சளியாம்மா புள்ளைக்கி. சுக்கு காபி போட்டுக் குடு... சூடா இருக்கட்டும்."

முரளி அதையும் வாங்கிக் குடித்தார்.

நாம் எல்லோருமே இப்படித்தான். உள்ளே இருக்கும் சின்னச் சாமானைக் கொதிக்க வைத்துச் சோதிப்போம், வெளியே காற்று வரும் வழியைப் பூ வைத்து அடைத்துவிடுவோம்.

சமையல்கட்டு ஓரமாக நடந்ததை எல்லாம் சுமதியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டாள்.

"போதுங்க. எங்க கவிதா பொழச்சிக்குவா" என்றாள்.

வீட்டில் பெண்ணை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை தேடுகிறவர்களே... ஜாதகம் பாருங்கள், வேலை பாருங்கள். முடிந்தால் ஒரு சாயங்காலம் காரில் ஏற்றி, ஹீட்டரையும் போட்டுப் பாருங்கள்.