தேவசகாயம் அண்ணாச்சியும் லாரியை விழுங்கிய மண்ணும்

தேவசகாயம் அண்ணாச்சி போய்விட்டார். நேற்றுக் காலை, கையில் மண்வெட்டியோடு அப்படியே சாய்ந்துவிட்டாராம்...

நான் அன்றைக்கே சொன்னேன். எண்பதுகளின் தொடக்கத்தில், டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் வைத்து, இதே வாயால் சொன்னேன். "அண்ணாச்சி, உங்க உயிர் இந்த மண்வெட்டியோடதான் போகும்." கேட்டாரா? யார் சொல்லித்தான் கேட்டார் அந்த மனுஷன்!

தெரியாதவர்களுக்காக... திருநெல்வேலிக்காரர். டெல்லியில் என்னோடு ஒரே ஆபீஸ், ஒரே பிளாக். அவர் டைப்பிஸ்ட், நான் டெஸ்பாட்ச் கிளார்க். ஆபீஸையே நான்தான் நடத்தினேன் என்பது வேறு கதை.

எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு காலி இடம் கிடந்தது. பாதி மல்பா, அதாவது இடித்துக் கொட்டிய கட்டடக் குப்பை. மீதி களர். வெயில் காலத்தில் தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். கடப்பாரை போட்டால் டங் என்று எகிறி நம் தாடைக்கே வரும்.

அதில் சிமெண்ட் போட்டு ஸ்கூட்டர் ஸ்டாண்ட் ஆக்கப்போவதாக மெயின்டனன்ஸ் சாகேப் சொல்லிவிட்டார். அண்ணாச்சி அவர் முன்னால் போய் நின்றார். ஒரு மழைக்காலம் மட்டும் கொடுங்கள், தோட்டம் போடுகிறேன் என்று.

"அச்சா" என்றார் சாகேப். ஆனால் தான் வந்து பார்க்கும்போது பச்சையாக ஏதாவது தெரிய வேண்டும், இல்லையென்றால் சிமெண்ட்தான் என்று ஒரு நிபந்தனை.

ஊரில் அண்ணாச்சிக்கு ஒரு அடி நிலம் கிடையாது. தன் கையால் நாலு கத்தரிச்செடி வைத்துக் காய் பறிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சரி, கத்தரி வைப்பார் என்று பார்த்தால்... எங்கிருந்தோ தக்கைப்பூண்டு விதை வாங்கி வந்து தூவுகிறார்! இந்திக்காரர்கள் டைஞ்சா என்பார்கள்.

"கத்தரி இப்ப வச்சா கருகிப்போவும் வே. இது களர்லயும் வரும். நல்லா வளத்து, வெட்டி மண்ணுக்குள்ளயே மூடிட்டா மக்கிரும். மண்ணு பொதபொதன்னு ஆயிரும். பொறவு என்ன வேணா வைக்கலாம்."

வளர்ப்பதே புதைப்பதற்காம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வளர்ந்தது ஐயா. ஆளுயரம். நான் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டதும் ஒரு காரணம்.

அப்புறம் அந்தத் துவாதசி... மேல்வீட்டு பங்கஜம் மாமி கும்பகோணத்துக்காரர். ஏகாதசிப் பட்டினி முடிக்க அகத்திக்கீரை வேண்டும். டெல்லியில் அகத்திக்கு எங்கே போவது? ஜன்னலைத் திறந்தால் கீழே காடாக நிற்கிறது, இலை அசப்பில் அகத்தியேதான். விடிந்ததும் இறங்கிப் பறித்து, பிளாக்கில் உள்ள தமிழ் வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் அண்ணாச்சியிடமே சண்டைக்கு வந்தார். "ஏன் சார், உங்க அகத்தி என்ன இப்படி நாராயிருக்கு? வாயெல்லாம் கசக்கறது!"

"மாமி, அது அகத்தி இல்ல. மண்ணுக்கு உரமாப் போடுத தழை."

"உரமா! துவாதசியும் அதுவுமா உரத்தையா தின்னோம்!"

நானும்தான் தின்றேன். இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றேன். யாரிடமும் சொல்லவில்லை.

சாகேப் பார்க்க வருவது திங்கட்கிழமை. மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, கல்யாணப் பந்தல் மாதிரி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்து மண்ணுக்குள் மூடிக்கொண்டிருக்கிறார்!

"அண்ணாச்சி, பைத்தியமா உங்களுக்கு? ஒரு நாள் பொறுங்க. அந்த ஆளு பாத்துட்டுப் போகட்டும்!"

"பூ விட்டாச்சு வே. மண்ணுல ஈரமும் இருக்கு. தண்டு முத்திட்டா மக்காது."

"ஒரே நாள்ல முத்திருமா?"

"அவரு பாக்கதுக்கா வளத்தேன்?"

கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

திங்கள். சாகேப் வந்தார். வெறும் சேறு, அழுகல் வாடை. "ஹரியாலி கஹான் ஹை?" பச்சை எங்கே என்கிறார்.

அண்ணாச்சி காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "அந்தர் ஹை சாப்." உள்ளே இருக்கிறதாம்!

சாகேப் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அப்புறமென்ன, ஜல்லி ஏற்றிக்கொண்டு லாரி வந்துவிட்டது. நடுவில் நல்ல மழை வேறு. டிரைவர் ரிவர்ஸ் எடுத்தான்... பின் சக்கரம் பொதக். ஆக்சிலேட்டரை மிதித்தான், இன்னும் பொதக். கடப்பாரை இறங்காத மண்ணில் லாரி இறங்குகிறது! கடைசியில் ஹெட்லைட் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"யே ஜமீன் ஹை யா ஹல்வா!" நிலமா அல்வாவா என்று தலையில் அடித்துக்கொள்கிறான் டிரைவர். அண்ணாச்சியோ சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, அந்த மண்ணை அள்ளிப் பிசைந்துகொண்டிருக்கிறார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"மணி, பாத்தீரா வே... எப்படி ஆயிட்டுன்னு பாத்தீரா!"

மழை முடியட்டும் என்று சாகேப் வேலையைத் தள்ளிவைத்தார். மழை முடிந்து அவர் திரும்பி வந்தபோது கத்தரி பிஞ்சு விட்டிருந்தது. ஒரு பை நிறைய அவர் வீட்டுக்கும் போனது. சிமெண்ட் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. நாங்கள் ஸ்கூட்டரை வழக்கம்போல ரோட்டிலேயே விட்டோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அகத்தி நிஜம். லாரி நிஜம். ஹெட்லைட் முக்கால்வாசி நிஜம். மண்வெட்டிதான் நான் வைத்தது... அவர் மகன் போனில் சொன்னது ஆஸ்பத்திரிக் கட்டில், கையில் டிரிப்ஸ் ஊசி. அதை எழுதக் கை வரவில்லை.

நான் சொன்னபடிகூடப் போகவில்லை பாருங்கள். கடைசி வரைக்கும் என் பேச்சைக் கேட்காத மனுஷன்.

போயிட்டு வாங்க அண்ணாச்சி.