வண்டி வந்தா மட்டும் சொல்லு

ஆர்வில் ஹாகன் வீம்புக்கென்றே பிறந்தவர். கனடாவின் சஸ்காட்செவான் கோதுமைக் காட்டில் எண்பத்திரண்டு வயது வரை யாருக்கும் பணியாதவர், கண்ணுக்கா பணிவார்? நடுப்பார்வை போய்விட்டது. எதை நேராகப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஓர் அழுக்குத் திட்டு. ஓரத்தில்தான் கொஞ்சம் தெரியும். "இனிமே காரைத் தொடாதீங்க" என்றார் டாக்டர். "சரி" என்று தலையாட்டிவிட்டு அதே காரை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

காரை விட்டால் வீட்டையும் விட வேண்டும். கடை நாற்பது கிலோமீட்டர், பஸ் கிடையாது. டவுன் முதியோர் இல்லத்தில் உருளைக்கிழங்கு மசியலுக்கு வரிசையில் நிற்பதைவிடச் சாவது மேல் என்பது அவர் கட்சி.

அதனால் மனைவி வெர்னாவைக் கண்ணாக்கிக்கொண்டார். அவளுக்கு ஓட்டத் தெரியாது, ஆனால் கழுகுப் பார்வை. வாய்தான் ஓயாது. மான், வாத்து, பக்கத்துப் பண்ணையின் புது டிராக்டர், ஒன்றையும் விடமாட்டாள்.

"தொணதொணன்னு உயிரை எடுக்காதே! குறுக்கு ரோட்டு முனையில வண்டி வந்தா மட்டும் சொல்லு. இல்லேன்னா வாயை மூடு."

"ஆகட்டும் கிழவா. அப்புறம் ஏன் பேசலைன்னு அழாதே."

அன்றுமுதல் அவள் பேசாவிட்டால் பாதை காலி என்று அர்த்தம். அப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

அறுவடைக் காலத்தில் வெர்னாவுக்கு அக்கி வந்தது. வலிக்கு மாத்திரை கொடுத்த மருந்துக்கடைப் பெண் எச்சரித்தாள். "தூக்கமாத் தள்ளும்மா. வண்டி ஓட்டக் கூடாது."

"நான் எங்கடி கண்ணு ஓட்டுறேன்? அதுக்குத்தான் இந்தக் கிழவன் இருக்கானே!"

மூவரும் சிரித்தார்கள். ஆர்வில்தான் உரக்கச் சிரித்தார்.

பக்கத்துக் கடையில் காபியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு வெர்னா காரில் ஏறினாள். வீட்டுக்குத் திரும்பும் கடைசி முனையில் ஆர்வில் வேகத்தைக் குறைத்தார். அவள் பேசவில்லை. ஆக்சிலேட்டரை ஏறி மிதித்தார். கோதுமை ஏற்றிய லாரி அவள் பக்கத்துக் கதவில் வந்து மோதியது.

அவருக்கு வெறும் சிராய்ப்பு. "ஏன்டி சொல்லலை?" என்று கத்தினார். அவள் முகத்தை நேராகப் பார்த்தார், திட்டுதான் தெரிந்தது. கையால் தடவினார். ஈரமாக இருந்தது.

லாரிக்காரன் ஓடிவந்தான். "பெரியவரே, அவங்க கண்ணாடியில தலையைச் சாய்ச்சுத் தூங்கிக்கிட்டிருந்தாங்க. ஓட்டுறவர் நீங்க, உங்களுக்குமா தெரியலை?"

இப்போது முதியோர் இல்லத்தில்தான் மசியல் சாப்பிடுகிறார். மேஜையில் பக்கத்தில் இருப்பவர்கள் பேசாமலிருந்தால் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவார்.

"ஏதாவது பேசுங்களேன்" என்று கெஞ்சுவார்.

யாரும் பேசுவதில்லை. ஊருக்கே விஷயம் தெரியும்.