கட்டைவிரல் கறை

சோலோ நகரத்துப் பழஞ்சாமான் சந்தையில் வார்சிடியைத் துருக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். பழைய காசு விற்பவர். யார் எதைக் கொண்டுவந்தாலும் துடைத்துத் தரமாட்டார். பற்பசை போட்டுத் தேய்த்த காசை யாராவது நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"தோலை உரிச்சுட்டு ஆளைக் கொண்டாறீங்களே."

"நீங்க குளிக்கிறதாவது உண்டா, பாக் வார்சிடி?" என்பாள் எதிர்க்கடை விளக்குக்காரி. அவர் சிரிக்கமாட்டார்.

ஒரு காலத்தில் எங்கள் வரிசையில் அவரைப் போலக் காசு துடைக்க ஆள் கிடையாது. புளி எவ்வளவு, எலுமிச்சை எவ்வளவு, எப்போது நிறுத்த வேண்டும், எல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். விட்டுவிட்டார். ஏன் என்பது எனக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் பூட்டுக்கடை வைத்திருக்கும் தர்யோ நான்.

ஒரு மழை மதியத்தில் பிஸ்கட் டின்னைத் திறந்து, மடித்த காகிதத்திலிருந்து ஒரு காசை எடுத்துக் காட்டினார். டச்சுக்காரன் காலத்து இரண்டரை சென்ட். கனத்த செம்பு. வாங்கியபோது அன்றுதான் அடித்ததுபோலச் சிவந்திருந்ததாம். அவர் மகள் வெனிங்குக்கு அப்போது ஆறு வயது. கடைக்கு வந்திருந்தவள், எண்ணெய் வடியும் தெம்பே வறுவல் தின்ற கையோடு காசின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டாள். அவள் கையிலேயே ஓங்கி ஒன்று போட்டார்.

"அறிவிருக்கான்னு கேட்டேன், தர்யோ. ஆறு வயசுப் பிள்ளைகிட்ட."

உடனே துணியால் ஒற்றி எடுத்தார். காசில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தில் மடித்து வைத்தார். இருபது நாள் கழித்து வெனிங்குக்கு டெங்கு வந்தது. நான்கே நாள்தான் இருந்தாள்.

எட்டு மாதம் சென்று, விற்கலாமென்று காகிதத்தைப் பிரித்தபோது, காசில் ஒரு கட்டைவிரல் ஏறியிருந்தது. பழுப்பாக, வரிவரியாக, நடுவில் சிறிய சுழி. விரல் எண்ணெய் செம்பைக் கடிக்க அவ்வளவு நாள் ஆகும். அதற்குப் பிறகு அவர் எந்தக் காசையும் துடைக்கவில்லை.

"லாஸ்மி அக்காவுக்குக் காட்டினீங்களா?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டேன்.

"காட்டினா, ஏன் அடிச்சேன்னும் சொல்லணுமே."

நோன்புக்கு முன்னால் மகள் கல்லறைக்குப் பூ தூவப் போகும்போது மனைவியிடம் சொல்லிவிடுகிறேன் என்பார். பதினேழு வருடம் அப்படியே சொன்னார். டின் கடையிலேயே, பூட்டிய இழுப்பறைக்குள் இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் கடையில் உட்கார்ந்தபடியே நடுங்கினார். கண் சொருகியது. கூரை வேறு ஒழுகி இழுப்பறைக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் இடுப்புச் சாவியை எடுத்து, டின்னை வெளியே எடுத்து, அவரையும் டின்னையும் பெச்சா ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். டின்னை நான்தான் லாஸ்மி அக்கா கையில் கொடுத்தேன்.

"பத்திரம் அக்கா, நனையக் கூடாது."

"ஆளையே நனைய விட்டுட்டீங்க, டின்னுக்குப் பத்திரமா?" என்றார். கணவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "உடம்புல காத்து புகுந்திருக்கு. தைலம் போட்டு முதுகைச் சுரண்டி விட்டாப் போயிரும்."

நான் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் போனேன். வார்சிடி சட்டையில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதுகெலும்பின் இரு பக்கமும் மீன்முள் மாதிரி சிவந்த கோடுகள். காய்ச்சல் விட்டிருந்தது. லாஸ்மி அக்கா எனக்கு இஞ்சித் தண்ணீர் வைத்தார்.

"பாருங்க தம்பி, எப்படி எழுந்து உட்கார்ந்துட்டாரு. வீட்டுல முதுகு சுரண்ட வச்சிருந்த காசை அடுத்த வீட்டுக்காரி கொண்டுபோனவ திருப்பித் தரலை. நல்லவேளை, நீங்க டின்னைக் கொண்டாந்தீங்க. கறை புடிச்ச ஒத்தைக் காசு ஒண்ணு காகிதத்துல கிடந்துச்சு. விக்காத சரக்குன்னு எடுத்துக்கிட்டேன்."

நான் வார்சிடியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுக்கோட மேல வைக்க முடியுமா? எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சேன். மத்ததெல்லாம் சீக்கிரம் போயிருச்சு. நடுவுல கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை, அது மட்டும் போவேனான்னு நின்னுச்சு. விட்டேனா நான்?"

முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தார். சிவந்து, பளபளவென்று, புதுக்காசு போல இருந்தது.

"இத்தனை வருஷமா காசு விக்கிறாரு, இப்படி ஒரு காசு துடைச்சிருப்பாரா? கேளுங்க."

வார்சிடி தலையை நிமிர்த்தினார். "நல்லா வந்திருக்கு, லாஸ்மி" என்றார்.

"அப்புறம் ஏன் கண்ணுல தண்ணி?"

"முதுகு எரியுது."

அக்கா எண்ணெய் எடுக்க உள்ளே போனார். வார்சிடி என்னிடமிருந்து காசை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். விளிம்பை மட்டும் பிடித்திருந்தார், எப்போதும் போல. பிறகு தன் கட்டைவிரலை நடுவில் வைத்து அழுத்தினார்.

"நான்தான் அண்ணா டின்னை..." என்றேன்.

"உனக்கென்ன தெரியும். அவளுக்கென்ன தெரியும். சொல்லியிருக்கணும்."

இந்த வருடமும் நோன்புக்கு முன்னால் இருவரும் பூ தூவிவிட்டு வந்தார்கள். சொல்லிவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. காசு இப்போது அவர்கள் வீட்டில், தைலப் புட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வார்சிடிக்கு அடிக்கடி காற்று புகுந்துவிடுகிறது. வெயில் காலத்திலும் அவர் சட்டைக் காலருக்கு மேலே சிவந்த கோடு தெரிகிறது.