கட்டை என்றால் மைல்: தெலுக் பாதிக் கடலில் ஐந்து சுற்று

நடந்தது அத்தனையும் நான் முன்பே சொன்னதுதான். நான் நீந்துவேன், வேன் வரும், ராமையா அண்ணன் கடைசி வரை குறை சொல்வார். மூன்றையும் ஈப்போவில் எங்கள் புந்தோங் வட்டாரத் தேநீர்க் கடையில் நாலு பேர் முன்னால் சொன்னேன். நம்பாதவர்கள் அந்த நாலு பேரையே கேட்கலாம். இரண்டு பேராவது ஒத்துக்கொள்வார்கள்.

எதற்காக நீந்தினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் பக்கத்து வீட்டு பாக்கியம் அக்காவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் இரத்தம் சுத்தம் செய்யப் போக வேண்டும். மகளின் மோட்டார் சைக்கிளில்தான் போக்குவரத்து. திரும்பும்போது தலை சுற்றும் என்பதால், மகள் அவரைத் தன் இடுப்போடு சேர்த்து துப்பட்டாவால் கட்டிக்கொண்டு ஓட்டுவாள். ஒருமுறை சிக்னலில் நிற்கும்போது அக்கா மயங்கிச் சாய, வண்டியோடு இருவரும் சாய்ந்தார்கள். எங்கள் வட்டாரத்தில் இப்படிப் போகிறவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேன் வாங்கத்தான் இந்த நீச்சல்.

லுமுட் பக்கம் தெலுக் பாதிக் கடற்கரையில் ஒரு நீச்சல் குழு ஆண்டுதோறும் கடல் நீச்சல் வைக்கிறது. கரையை ஒட்டி மிதவைகள் போட்டிருப்பார்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர், மொத்தம் மூன்று சுற்று. நான் ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய ஈயக்குட்டையில் நீந்தி வளர்ந்தவன். அந்தக் குட்டையின் ஆழம் இன்றுவரை யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் ஓரளவு தெரியும். கடல் எனக்கு எம்மாத்திரம்? "மூணு கட்டை நீந்துறேன், கட்டைக்கு இவ்வளவுன்னு குடுங்க" என்று அறிவித்தேன். பழைய தோட்டத்து டிராக்டர் ஓட்டுநரான ராமையா அண்ணன், பேராக் மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் தன் தோட்டத்துக் கூட்டாளிகளிடம் வாக்கு வாங்கித் தந்தார்.

சனிக்கிழமை விடியுமுன் ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ஈப்போவிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். நிதானமாக ஓட்டினால் ஒன்றே முக்கால் மணி நேரம், பெட்ரோல் போக வர முப்பது ரிங்கிட். வழியில் சித்தியவானில் ரொட்டி சானாய்க்கு நிறுத்தினோம். விவகாரம் அங்கேதான் வெடித்தது.

"மூணு கிலோமீட்டர முடிச்சிட்டு நல்ல மீன் கறியா பாத்து சாப்பிடலாம்ணே" என்றேன்.

அண்ணன் ரொட்டியைக் கீழே வைத்தார். "கிலோமீட்டரா? நீ கட்டைன்னுல்ல சொன்ன."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"பதினோராங்கட்டைத் தோட்டத்துல பொறந்தவன் பேசுற பேச்சா இது? கட்டைன்னா மைலு லா. மூணு கட்டைன்னா கிட்டத்தட்ட அஞ்சு கிலோமீட்டரு."

அந்தக் காலச் சாலையோர மைல்கல்லைத்தான் கட்டை என்பார்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது கல்லில் கிலோமீட்டர்தான் எழுதியிருந்தது.

"நான் மூணு சுத்து முடிச்சா குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. ஆனா அது ரெண்டு கட்டை கூட இல்ல. அர வேனுக்குக் கொஞ்சம் மேலதான் வரும். அதுல யார ஏத்துவ, யார விடுவ?"

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, ஐந்து சுற்று நீந்த விடுவார்களா என்று குழுவினரைக் கேட்கப் போனேன்.

குழுவினர் நல்லவர்கள். மூன்று சுற்றுக்கு மேல் நீந்துவதென்றால் சொந்தமாகப் படகு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். படகைத் தொட்டால் அத்தோடு கணக்கு முடிந்தது, இதுதான் விதி. ஜோசப் என்ற சித்தியவான் மீனவர் நூற்றைம்பது ரிங்கிட்டுக்கு வந்தார். பாக்கியம் அக்காவும் குடையோடு அந்தப் படகில் ஏறிக்கொண்டார்.

எட்டு மணிக்கு இறங்கினேன். கடலுக்குள் ஒரே நீர் இல்லை, தெரியுமா? மேலே ஒரு சாண் வெந்நீர், கீழே சில்லென்று இன்னொன்று. கையை நீட்டினால் இரண்டையும் தொடலாம். தலையை முக்கினால் எங்கோ கடுகு தாளிப்பது போல் படபடவென்று ஒரு சத்தம். முதலில் என் காதுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். சுற்று முடிவில் ஜோசப்பிடம் கேட்டேன்.

"அது எறா மச்சான். சின்ன எறா அதோட கொடுக்கைச் சொடுக்குற சத்தம்."

"எத்தன இருக்கும்?"

"நீ நீந்த வந்தியா, எண்ண வந்தியா?"

ஒரு திருக்கையும் பார்த்தேன். சாப்பாட்டு மேசை அளவு. சரி, சாப்பாட்டுத் தட்டு அளவு.

மூன்றாம் சுற்று பத்து மணிக்கு முடிந்தது. மற்றவர்கள் பதக்கம் வாங்கிக்கொண்டு கறி வாசனை வந்த பக்கம் போனார்கள். நான் மறுபடியும் கடல் பக்கம் திரும்பினேன். அதற்குள் நீரோட்டம் மாறிவிட்டது. பத்து முறை கைவீசினாலும் கரையில் தெரிந்த அதே தென்னை அதே இடத்தில் நின்றது. நான்காம் சுற்றின் நடுவில் வலது கெண்டைக்கால் கல்லாக இறுகியது. வாயெல்லாம் உப்பு.

ஜோசப் படகைப் பக்கத்தில் கொண்டுவந்தார். "ஏறிக்க மச்சான். கரையில யாரும் பாக்கல."

உண்மைதான், யாரும் பார்க்கவில்லை. படகின் விளிம்பு என் விரலிலிருந்து ஒரு முழம்.

அக்கா குடையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார். "ஏறாதீங்க தம்பி. நீங்க ஏறுனா நான் எறங்கணும். எடமில்ல."

மல்லாந்து படுத்தேன். வானத்தைப் பார்த்துக்கொண்டே பாதத்தைப் பிடித்து இழுத்தேன். கால் மெல்ல விட்டுக்கொடுத்தது. பிறகு நீந்தினேன். அழகாக இல்லை, ஆனால் நீந்தினேன். ஐந்தாம் சுற்று முடிந்து மணலில் தவழ்ந்து ஏறியபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது.

ராமையா அண்ணன் துண்டை நீட்டினார். "கடைசி மிதவைய உள்பக்கமா சுத்திட்ட. நாலு முழம் கொறையுது" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. அதற்குக் காரணம் வெயில் என்று சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அக்குளிலும் கழுத்திலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், உப்பு தோலை அறுத்துவிடும். நீரோட்டம் எப்போது திரும்பும் என்று முதல் நாளே மீனவரிடம் கேளுங்கள், நான் கேட்கவில்லை. படகுக்காரரிடம் விலையை முன்பே பேசிவிடுங்கள். தோட்டத்துப் பெரியவர்களிடம் தூரம் சொல்வதாக இருந்தால், மைலா கிலோமீட்டரா என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வாக்குக் கொடுத்தவர்கள் ஒருவர் விடாமல் கொடுத்தார்கள். பழைய வேன்தான், ஆனால் குளிர்சாதனம் வேலை செய்கிறது. போன வாரத்திலிருந்து ஓடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பாக்கியம் அக்கா படகில் இல்லை. அன்று சனிக்கிழமை. நான் காலைப் பிடித்துக்கொண்டு மிதந்த நேரத்தில் அவர் ஈப்போவில் கையில் ஊசியோடு படுத்திருந்தார். படகில் ஜோசப்பையும் ஒரு தண்ணீர்ப் பீப்பாயையும் தவிர வேறு எதுவும் இல்லை. அன்று மாலை அவர் வீட்டு வாசலில் நின்று, ஜோசப் ஏறிக்கொள்ளச் சொன்னதையும் நான் ஏறாததையும் அவரிடம் சொன்னேன். அந்த 'எடமில்ல' பேச்சை அவர் அப்போதுதான் சொல்லிச் சிரித்தார். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றேன்.

"அப்ப என்னையும் அந்தப் படகுல ஒக்கார வச்சி எழுதுங்க தம்பி" என்றார். "கடல்ல போய் எவ்வளவோ காலமாச்சி."