கெடுவும் கோடை விடுமுறையும்

காலவரையறைச் சட்டம், நான்காவது பிரிவு: கெடு முடியும் நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால், மறுபடி திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். கடலூர் நீதிமன்ற அலுவலகத்தில் காலம் தள்ளிய நான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு ஜெர்மன் மருந்துப் பெட்டிக்கு மேல் கைபேசியைப் பிடித்தாள். எழுத்தெல்லாம் ஆங்கிலமாகிவிட்டது. “சூப்பர்ல மாமா?” என்றாள். சூப்பர்தான். ஆனால் ஜெர்மன் எழுத்தைப் பார்த்தாலே நான் இன்னமும் முதலில் தேதியைத்தான் தேடுவேன்.

சிதம்பரத்தில் படித்த காலத்தில் மாலை நேர ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். உத்தியோகத்துக்கு உதவும் என்று யாரோ சொன்னார்கள். நீதிமன்றத் தலைமை எழுத்தராக, அதாவது சிரஸ்தாராக, ஓய்வு பெறும்வரை ஒரு ஜெர்மன்காரரும் கடலூரில் வழக்குப் போடவில்லை. ஓய்வு பெற்ற மறுவருடம், 2007 மே மாதம், என் ஜெர்மனுக்கு முதல் வேலை வந்தது.

இரண்டு வீடு தள்ளியிருந்த ஸ்டெல்லா கொண்டுவந்தாள். ஜெர்மனியில் நர்ஸாக இருந்தவள். கணவரோடு ஒத்துவராமல் ஐந்து வயது மகள் ஜெனியோடு தாய்வீடு வந்துவிட்டவள். கையில் அவருடைய வக்கீலின் கடிதம். நல்ல தடித்த காகிதம். நம் அலுவலகக் காகிதத்தில் மை ஊறும். இதில் மிரட்டல்கூடப் பளிச்சென்று நின்றது.

“கடைக்குப் போற ஜெர்மன்தான் மாமா எனக்குத் தெரியும். இது வேற. ஜெனிய புடுங்கிக்குவாங்களா?”

குழந்தையைத் திருப்பி அனுப்புவாளா என்று இரண்டு வாரத்துக்குள் பதில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் குழந்தையைத் தகப்பனிடமே ஒப்படைக்கக் கேட்டு அங்கே வழக்கு. அவளுடைய சிதம்பரம் வக்கீலுக்காக நான் இதை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும்.

இங்கேதான் என் பெருமை புகுந்தது. ‘எங்கள் கட்சிக்காரரின் பெயராலும் அவர் தந்த அதிகாரத்தாலும்’ என்று வளைந்து வளைந்து போனதை ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’ என்று நறுக்கினேன். முடிவில் ‘நட்பான வாழ்த்துகளுடன்’ என்றிருந்தது. பிள்ளையைப் பறிக்க வருகிறவருக்கு என்ன நட்பு? ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று போட்டேன். நம் வக்கீல் நோட்டீஸில் மட்டும் என்ன விசுவாசம் வாழ்கிறது! ஒரு தொடர்தான் என்னைப் படுத்தியது: ‘கெடு கனியின்றிக் கழிந்த பிறகு’.

என் மனைவி பலா விளையும் அண்ணாகிராமத்துக்காரி. “மே மாசத்துல கனிக்கு என்ன பஞ்சம்? இருக்கறத அப்பிடியே எழுதிக் குடுங்களேன். அந்தப் பொண்ணு நடையா நடக்குது.”

நான் கேட்கவில்லை. ‘உங்களிடமிருந்து பதில் வராவிட்டால்’ என்ற சாதாரண ஆங்கிலத்துக்கு வந்து சேர எனக்கு ஐந்து நாளாயிற்று.

“நாள் ஓடுதே மாமா.”

“மே மாசம் கோர்ட்டே கெடையாதும்மா. ஜூன்ல தொறக்கறப்பக் குடுத்தாப் போதும். சட்டமே இருக்கு.”

கடிதம் வந்த பதினாறாம் நாள், கொடைக்கானலில் விடுமுறையில் இருந்த வக்கீலுக்கு, ஆங்கிலப் பிரதி தயார் என்று பெருமையாகப் போன் செய்தேன்.

“கெடு முடிஞ்சிபோச்சே சார்! லீவு நமக்குத்தான். அவுங்க ஊர்ல ஏது மே மாச லீவு? மொதல்ல ஃபேக்ஸ் அனுப்புங்க!”

ரிசீவரை வைத்துவிட்டு நேரே ஸ்டெல்லா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஸ்டெல்லா என்னைத் திட்டவில்லை. “நீங்க சொன்னீங்கன்னுதான் மாமா சும்மா இருந்தேன்” என்றாள். திட்டியிருக்கலாம்.

அன்றே சிதம்பரம் போனோம். வக்கீல் போனில் சொல்லச் சொல்ல அவருடைய குமாஸ்தா தட்டச்சு செய்த பதிலில், தாமதம் மொழிபெயர்த்தவனுடையது, தாயினுடையது அல்ல என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கீழ வீதியில் ஒரு கடையில் ஃபேக்ஸ் இயந்திரம் கத்திக் கத்தித் தாளை விழுங்கியது. பிறகு காத்திருந்தோம்.

ஜூனில் பள்ளி திறந்தும் ஜெனியை அனுப்பவில்லை. தெருவில் ஏதாவது கார் நின்றால் ஸ்டெல்லா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். நானும் என் கதவைச் சாத்துவேன், எதற்கென்று தெரியாமலே.

“தாத்தா, என்ன ஏன் ஸ்கூலுக்கு வுட மாட்றாங்க?” என்று மதில் மேல் எட்டிக் கேட்டாள் ஜெனி. எல்லா நடைமுறையும் தெரிந்த நான் ஒரு மாம்பழத்தை மதில் மேல் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

இப்போது அந்த ஃபேக்ஸ் கடை இல்லை. ஸ்டெல்லாவும் ஜெனியும் சென்னைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இருந்த வீடு அடுக்ககமாகிவிட்டது. என் அகராதியும் கடிதப் பிரதிகளும் 2011-இல் கடலூரைத் தாக்கிய ‘தானே’ புயலில் கூழாயின. எங்கள் ஃபேக்ஸுக்கு ஜெர்மன் வக்கீல் அனுப்பிய பதிலின் பிரதியும் அதில்தான் போயிற்று. அதை அந்த வக்கீல் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தார், என்னுடையதைவிட நல்ல ஆங்கிலத்தில். கட்சிக்காரர் வழக்குத் தொடரவில்லை, குழந்தை தாயிடமே இருக்கட்டும், வாரம் ஒருமுறை தகப்பனோடு போனில் பேசினால் போதும். ஸ்டெல்லா வாசலில் நின்றபடியே அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு உள்ளே போய் ஜெனியின் சீருடையை எடுத்து இஸ்திரி போட்டாள். அன்று ஆடிப்பெருக்கு, 2007 ஆகஸ்ட் மூன்றாம் தேதி.