படுத்தால் வெல்லம்

ஆனேக்கல் பக்கம் வாங்கிய எங்கள் வண்டிக் காளைக்குக் கன்னடம்தான் புரியும். வழியில் படுத்துவிட்டால், எழுந்திரு என்பதற்கு “ஏளு” என்று சொல்லி, மடியிலிருந்து வெல்லம் கொடுப்பேன். எழுந்துவிடும். வரவர அடிக்கடி படுத்தது. களைப்பு என்று நினைத்தேன்.

ஒருநாள் மனைவியோடு ராகி ஏற்றிக்கொண்டு ஓசூர் போகையில், சானமாவுக் காட்டில் யானை குறுக்கே வந்து நின்றது. வண்டியைத் திருப்புவதற்குள் காளை படுத்துவிட்டது. அன்று பார்த்து மடியில் வெல்லமில்லை. “ஏளு, ஏளு” என்று கெஞ்சினேன். அது நாக்கைச் சுழற்றிக்கொண்டு என் மடியையே பார்த்தது. நல்லவேளை, யானை தானாக விலகிப் போயிற்று.

“அதுக்கு ஏதுங்க களைப்பு? ஏளுன்னா வெல்லம்னு நெனைச்சிட்டிருக்குது. படுக்கப் பழக்குனதே நீங்கதான்” என்றாள் மனைவி.

இப்போது ஓசூரில் வண்டியை அவிழ்த்த பிறகுதான் வெல்லம். காளை படுப்பதேயில்லை. ஊர் தெரிந்ததுமே ஓட்டம் பிடிக்கிறது. இழுத்துப் பிடித்து எனக்குத்தான் களைப்பு.